எங்கள் மணியின் தைலச் சித்திரம்

மனிதருக்குப் படம் எழுதுவதைக் காட்டிலும் நாய்க்குப் படம் எழுதுவது சுலபம் என்று ஓர் அபிப்பிராயம் உலகத்தில் நிலவி வருகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது நியாயம் என்றே தோன்றும். மனிதர் தம் படத்தைப் பார்த்ததும், "என் மூக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பார். தலையில் இல்லாத மயிரைப் படத்திலாவது காட்டியிருக்கக்கூடாதா என்று குறைப்பட்டுக்கொள்வார். நாய் இப்படியெல்லாம் கேட்பதில்லை. படத்தை எதிரே கொண்டுபோய் வைத்தால், ஒரு முறை முகர்ந்து பார்த்து, தின்பதற்குரிய பொருள் அன்று என்று தீர்மானித்து, அப்பால் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனால், நாய் வாய் திறந்து பேசாத காரணத்தினாலேயே அதற்காக வாதாட வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் வக்கீலாகிவிடுகிறார்கள். வால் எத்தனை சுற்று வளையும், நெற்றியில் வெள்ளை எதுவரை இறங்கும், மடங்குகிற காது இடமா வலமா என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி விசாரணை நடக்கிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரோ திண்ணையில் தூங்குகிறார்.

அவர் பெயர் மணி. எங்கள் தெருமுனையில் நின்று "மணி!" என்று கூப்பிட்டால் நாலு நாயாவது திரும்பிப் பார்க்கும் என்பதை நான் அறிவேன். நம் தமிழ்நாட்டிலேயே ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் பெற்ற ஜாதி நாய்கள் உண்டு. 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா நம் தேசத்து நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையம் நாயும் அதில் இடம் பெற்றது. எங்கள் மணிக்கு அத்தகைய குலப் பெருமை ஒன்றும் கிடையாது. 2015 கார்த்திகையில் காஞ்சிபுரம் சுற்றுவட்டாரமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்ததே, அந்தப் பெருமழையில் ஏனாத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு நனைந்த குட்டியாக வந்து ஏறியது. செவலை நிறம், நெஞ்சில் வெள்ளை, இடது காதின் நுனி மட்டும் மடங்கியிருக்கும். மழை விட்டதும் போய்விடும் என்று நினைத்தோம். மழை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

சில மாதங்களுக்கு முன்பு, மணி வாசற்படியில் இடித்துக்கொள்வதைக் கண்டு கால்நடை வைத்தியரிடம் காட்டினோம். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இடது கண்ணிலும் நீலம் படர்ந்து வருகிறது என்றார். வயதுக்கு இயல்பானதுதான் என்றும் சமாதானம் சொன்னார். அன்று இரவு சாப்பிடும்போது என் மகள், "அப்பா, மணி இருக்கும்போதே அதை எழுதிவிடுங்கள்" என்றாள். 'இருக்கும்போதே' என்ற சொல்லை அதுவரையில் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அதற்குப் பிறகு யாரும் அதிகமாகச் சாப்பிடவும் இல்லை.

கைபேசியில் மணியின் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, சித்திரம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். புகைப்படம் எடுக்க ஒரு கண் இமைப்பு போதும். இமைத்த பிறகு பார்ப்பதை நாம் மறந்துவிடலாம். சித்திரம் எழுத வேண்டுமானால் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். மணியின் மோவாய் என்ன நிறம் என்று வீட்டில் கேட்டேன். வெள்ளை என்றாள் மகள். கறுப்பு என்றாள் மனைவி. எப்போதும் சோறு ஒட்டியிருக்கும் நிறம் என்றாள் அம்மா. தினம் இரண்டு வேளை வீதம் பத்து வருஷம் சோறு போட்ட கைகள் அவை. ஒரு ஜீவனோடு கூடவே வாழ்வது வேறு, அதைப் பார்ப்பது வேறு என்று அப்போது தெரிந்தது. அவ்வளவு காலம் நம் வாசலைக் காத்ததற்கு, நாற்பது நாள் உட்கார்ந்து அதைப் பார்ப்பது பெரிய கைம்மாறு ஆகாது.

தைல வர்ணத்தைத் தேர்ந்துகொண்டதில் ஒரு சின்ன ரோஷமும் உண்டு. அது சீமையிலிருந்து வந்த வித்தை. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் சித்திரப் பள்ளியை ஆரம்பித்தது 1850-இல். அதற்குச் சுமார் இருபது வருஷத்துக்குப் பின், இளைஞரான ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே அதன் நுட்பங்களைக் கிரகித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் துரைமார் நாயோடு உட்கார்ந்து படம் எழுதுவித்துக்கொண்டால், அந்த நாயும் அநேகமாகக் கப்பல் ஏறி வந்ததாகவே இருக்கும். நம் வாசலில் கிடந்த செவலை நாயை அந்த ராஜ மரியாதைக்கு உரியது என்று நினைத்தவர்கள் அபூர்வம். மணிக்கு அந்த மரியாதையைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு மரச் சட்டம். அதில் கான்வாஸ் துணியை முரசுத் தோல்போல் இழுத்து ஆணி அடித்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சை இரண்டு முறை பூசிக் காயவைத்தேன். பளிச்சென்ற வெள்ளையின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் அது உள்ளதைவிடக் கறுப்பாகத் தோன்றும். ஆகவே அம்பர் என்னும் பழுப்பு வர்ணத்தை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் தேய்த்துவிட வேண்டும். ஓலைச் சுவடியின் நிறத்தில் ஒரு தளம் கிடைக்கும். இனி மேலே போனால் வெளிச்சம், கீழே போனால் நிழல்.

எங்கள் திண்ணை வடக்குப் பார்த்தது. வடக்கு வெளிச்சம் நேரத்துக்கு நேரம் அதிகமாக மாறாது. மேல்நாட்டு ஓவியர்கள் வடக்கு ஜன்னலை நாடுவதும் இதனால்தான். காலை ஆறரை மணியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் எட்டு மணி வரை எழுதும் நேரம். உட்காரும் இடத்தைத் தேர்ந்ததில்தான் ஒரு புதுமை நேர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நாயின் முதுகும் மண்டையும்தான் தெரிகின்றன. ஒரு மணையைப் போட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்தேன். மணியின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. நாம் எல்லோரும் நாயை மேலிருந்தே பார்க்கிறோம். அது நம்மைப் பார்க்கும் உயரத்திலிருந்து அதைப் பார்ப்பதில்லை. கீழே இறங்கி உட்கார்ந்தால் நாய்க்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அது எப்போதும் அங்கேயே இருந்ததுதான்.

முதல் சில நாட்கள் கரித்துண்டால் கோடு மட்டும். இரண்டு கண்கள், ஒரு மூக்கு நுனி, இந்த மூன்று புள்ளிகளும் சேர்ந்து ஒரு முக்கோணம். அது சரியாக அமைந்தால் பாதி முகஜாடை வந்துவிடும். ஒரு நூலிழை பிசகினால் அது அடுத்த தெரு நாயாகிவிடும். மணி அசையாமல் இருப்பது தூக்கத்தில் மட்டுமே. ஆகவே எலும்பின் அமைப்பைத் தூங்கும்போதும், பார்வையை விழித்திருக்கும்போதும் எழுதிக்கொண்டேன்.

பிறகு வர்ணம். ஓக்கர் மஞ்சள், பர்ண்ட் சியன்னா, அம்பர், அல்ட்ராமரீன் நீலம், டைட்டானியம் வெள்ளை ஆகிய ஐந்தே போதும். கறுப்புக் குழாயைத் திறக்கவில்லை. நீலத்தையும் அம்பரையும் கலந்தால் கிடைக்கும் கருமைக்கு ஓர் உயிர் உண்டு. ஓக்கர் என்று சீமைப் பெயர் சொன்னாலும் அது நம் காவி மண்ணின் உடன்பிறப்புத்தான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சுவர்ச் சித்திரங்களை 1931-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கண்டறிந்தார். திருச்சுற்றிலுள்ள சின்னஞ்சிறு சந்நிதிகளில் இன்றும் எஞ்சி நிற்கும் மஞ்சளும் காவியும் இந்த மண் வர்க்கந்தான். அங்கே அந்த மண்ணைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. இங்கே ஆளிவிதை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது.

இந்த எண்ணெயின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைப்போல் ஆவியாகி அது உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு இறுகுகிறது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் வரவர அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறிச் செய்தால் கீழே உள்ளது இறுகுமுன் மேலே உள்ளது இறுகி, பின்னால் வெடிப்பு விடும். அதிலும் ஐப்பசி மாதத்து ஈரக் காற்றில் ஒரு பூச்சுக் காய ஒரு வாரம்கூட ஆகிறது. தைலச் சித்திரம் அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழில் அன்று.

செவலை நிறத்தை எழுதுவதில்தான் எதிர்பாராத ஒரு குரு எனக்கு வாய்த்தார். எதிர்வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். ஒரு நாள் காலையில் வந்து என் தோளுக்குப் பின்னால் வெகு நேரம் நின்றார், படத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது ஒத்த நிறம் இல்லீங்க. பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு" என்றார்.

பட்டுத் தொழில் தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாட்டில் ஓடும் இழை பாவு. குறுக்கே நாடாவில் போய் வரும் இழை ஊடை. பாவை நீலமாகவும் ஊடையைப் பச்சையாகவும் போட்டு நெய்தால், நேரே பார்க்கையில் ஒரு நிறமும் சாய்த்துப் பார்க்கையில் மற்றொரு நிறமுமாக மின்னும். அதைத்தான் மயில்கழுத்து என்கிறோம். பெரியவர் குனிந்து மணியின் முதுகு மயிரை விரலால் பிரித்துக் காட்டினார். அடியில் வெளிர் மஞ்சள், நுனியில் கருஞ்சிவப்பு. நாய் மூச்சு விடும்போது முதுகின் நிறம் அசைந்து அசைந்து மாறுவதன் ரகசியம் அதுதான்.

அன்று முதல் வேலை தறி முறையில் நடந்தது. முதலில் பாவு: ஓக்கரும் வெள்ளையும் கலந்த வெளிர் நிறத்தில் உடம்பு முழுவதும். அது காய்ந்த பிறகு ஊடை: சியன்னாவும் அம்பரும், மயிர் படியும் திசையிலேயே, அடி நிறம் இடையிடையே எட்டிப் பார்க்கும்படி. மயிர் எல்லா இடத்திலும் ஒரே திசையில் போவதில்லை. மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறி, அங்கிருந்து இரு பக்கமும் வழிந்து, கழுத்தில் இறங்கி, மார்பில் வந்து சுழி விழுகிறது. மாட்டுக்குச் சுழி பார்க்கும் நம்மவர்கள் நாய்க்குப் பார்ப்பதில்லை!

மயிரை ஒவ்வொன்றாக எழுதினால் நாய் துடைப்பம் ஆகிவிடும். ஸ்பெயின் தேசத்து வெலாஸ்கெத் 1656-இல் எழுதிய 'லாஸ் மெனினாஸ்' என்ற பிரசித்தி பெற்ற சித்திரத்தில், அரசகுமாரிக்கு முன்னால் ஒரு பெரிய நாய் கண்ணை மூடிப் படுத்திருக்கிறது. கிட்டே போனால் வெறும் தூரிகைத் தீற்றல்கள். எட்டி நின்றால் மூச்சு விடும் நாய். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்பதை மட்டும் அவர் சொன்னார். மயிரைப் பார்ப்பவர்கள் கண்ணே எழுதிக்கொள்கிறது.

கடைசியில் மிஞ்சியது கண். இரண்டு வாரம் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். ஏனென்றால் வீட்டில் வழக்கு முடியவில்லை. "பழைய கண்ணையே எழுதுங்கள் அப்பா. போன வருஷத்துப் புகைப்படத்தில் நன்றாக இருக்கிறது" என்றாள் மகள். "உங்கள் தாத்தாவைக் கண்ணாடி இல்லாமல் எழுதினால் ஒப்புக்கொள்வாயா?" என்று கேட்டாள் என் மனைவி. இரண்டும் சரியான கட்சிகளே. ஒன்று மணியை எப்படி நினைக்க விரும்புகிறோம் என்பது. மற்றொன்று மணி எப்படி இருக்கிறது என்பது. வயோதிகத்தை மறைப்பது அன்பா, மறைக்காமல் இருப்பது அன்பா என்று நானும் பல காலைகள் மணையில் உட்கார்ந்து யோசித்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணு தெரிஞ்ச நாளிலே அது பார்த்துட்டு ஓடி வந்தது, அதிலே என்ன அதிசயம்? இப்போ தெரியாமப் போயும், என் காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வருதேடா. அதை எழுது."

வழக்கு முடிந்தது. மணியின் பார்வை காதுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்பதை நாங்கள் எல்லோரும் அப்போதுதான் உணர்ந்தோம். அம்மா கொல்லையில் நடந்தால் மடங்கியிருக்கும் அந்த இடது காது பாதி நிமிரும். தலை சிறிது சாயும். அந்த நிலையிலேயே எழுதுவது என்று முடிவாயிற்று.

செவிகொடுக்கும் நாய் என்றதும் நேயர்களுக்கு ஒரு படம் ஞாபகம் வரும். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளில் குழாயின் முன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். நம் பாட்டனார் காலத்தில் சங்கீதம் வீட்டுக்குள் வந்ததே அந்த நாயின் பின்னால்தான். அதுவும் கற்பனை நாய் அன்று. 1884-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்த அதன் பெயர் நிப்பர். வளர்த்தவர் 1887-இல் காலமாக, அவருடைய சகோதரரும் ஓவியருமான பிரான்சிஸ் பரோட் அதைப் பேணினார். 1895-இல் நிப்பரும் இறந்தது. அதன் பிறகே, ஒலிக் கருவியின் குழாயருகில் அது வியந்து நின்ற கோலத்தை நினைவிலிருந்து மீட்டு அவர் தைல வர்ணத்தில் எழுதினார். 1899-இல் கிராமபோன் கம்பெனியார், முதலில் எழுதியிருந்த போனோகிராப் கருவியை அழித்துத் தங்கள் கருவியை எழுதித் தரச் சொல்லி, படத்துக்கும் உரிமைக்குமாக நூறு பவுன் கொடுத்து வாங்கினார்கள். உலகமெங்கும் போன அந்தப் படத்தில் நாயின் கண் அல்ல, காதுதான் கதை சொல்லுகிறது. பரோட் தம் நாய் போன பின் எழுதினார். எனக்கோ மணி எதிரே இருக்கும்போதே எழுதும் பாக்கியம் கிடைத்தது.

கண்ணை எழுதிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புரை வெள்ளை நிறம் என்று நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அது சாம்பல் கலந்த நீலம், விடியற்காலத்துப் பனிபோல. முதலில் மணியின் பழைய கண்ணையே, அந்தக் கரும்பழுப்பு விழியையே முழுமையாக எழுதினேன். அது காய்ந்த பிறகு, அதன்மேல் நீலச் சாம்பலை மிக மெல்லிய படலமாக, அடியில் உள்ளது தெரியும்படி தேய்த்தேன். மகள் கேட்ட கண் உள்ளே இருக்கிறது. மனைவி சொன்ன கண் மேலே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதில் ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. புரை விழுவது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லையில். வெளிச்சம் பளிச்சிடுவதோ மேலே உள்ள விழிப் படலத்தில். ஆகவே குருட்டுக் கண்ணிலும் அந்த ஒளிப் புள்ளி இளமையில் இருந்த மாதிரியே சுடர்விடுகிறது. முதுமை அதைத் தொடுவதில்லை.

படத்தின் அடியில் என்ன எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, வகுப்பில் பல்லவர் பாடம் நடத்துகிறவனாகிய எனக்குக் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஞாபகம் வந்தான். அவன் சூடிய பட்டங்களுள் ஒன்று 'சித்திரகாரப்புலி'. அவன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தில், காஞ்சி நகரத்துக் கபாலி ஒருவன் தன் கபாலத்தைக் காணாமல் ஊரெல்லாம் சந்தேகப்பட்டுச் சண்டையிடுகிறான். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய்! காஞ்சித் தெரு நாய் இலக்கியத்தில் ஏறி ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது.

அதே மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லெழுத்து அந்த நாயின் பெயரையும் கூறுகிறது: கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துத் தன் எஜமானனுக்குக் காவல் நின்றது என்று அதன் செயலையும் கூறுகிறது. அந்தச் சிற்பி வெறுமே 'நாய்' என்று எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் அவன் பெயரை எழுதினான். அதனால்தான் இன்று அது ஏதோ ஒரு நாயாக இல்லாமல் கோவிவனாக இருக்கிறது. சீமைத் துரைமார் தங்கள் நாய்களைச் சித்திரத்தில் வைத்துக் கொண்டாடியதைப் பெருமையாகப் பேசுகிறோம். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னே, எருமை மேய்த்த ஒரு தமிழனின் நாட்டு நாய்க்குப் பெயரோடு உருவமும் எழுப்பிய ஊர் நம்முடையது.

படத்தின் வலது மூலையில், பொடி எழுத்தில், 'மணி, ஏனாத்தூர்' என்று தமிழில் எழுதியிருக்கிறேன்.

சித்திரம் இப்போது கூடத்துச் சுவரில், வெயில் படாத இடத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் உள்வரை இறுக ஆறு மாதமாவது வேண்டும். அதன் பிறகே வார்னிஷ் பூசலாம். சித்திரை மாதம் ஆகிவிடும். அதுவரையில் மணி இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. சற்று முன்பு அம்மா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். திண்ணையில் இடது காது பாதி நிமிர்ந்தது.